மலைநிலத்திற்குப் பழைய டிராக்டர்

உதகமண்டலத்தை அடுத்த இத்தலாரில் காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் முதலிய மலைக்காய்கறிகளும் தேயிலையும் பயிராகின்றன. கூலியாட்கள் கிடைப்பது அரிதாகிவரவே, சமவெளியில் உழைத்த 35 முதல் 45 குதிரைச் சக்தியுள்ள டிராக்டர் ஒன்றைச் சகாய விலைக்கு வாங்கிவிடலாம் என்னும் எண்ணம் நிலமுடையோர்க்கு உண்டாவது இயல்பே. ஆயின் சமவெளி விவசாயி நோக்கும் முறையிலேயே மலை விவசாயியும் யந்திரத்தை நோக்குவாராயின், பணநஷ்டத்தோடு உயிர்ச்சேதமும் நேரக்கூடும்.

யந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பார்த்தல் வேண்டும். செங்குத்தான சரிவில் குறுக்காக ஓட்டினால் டிராக்டர் கவிழும். அதற்கஞ்சி மேலும் கீழுமாக உழுதாலோ, அடுத்த மழையில் மேல்மண் சால்வழியே ஓடிவிடும். இவ்விரு தீங்கினுள் ஒன்று தவறாது நேரக்கூடிய நிலத்திற்கு டிராக்டர், புதிதாயினும் பழையதாயினும், ஆகாது. அகன்ற படிவரப்பு நிலமும், அதில் திரும்புவதற்கு இடமும், அங்குச் சென்று சேரப் பாதையும் உடையவரே அதனை நாடலாம். ஏனையோர்க்குப் பவர் டில்லரே போதும்.

அடுத்தது சக்தி. காற்றழுத்தி பொருத்தப்படாத டீசல் என்ஜின், உயரம் ஒவ்வோர் 1000 அடி கூடுந்தோறும் ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்கு சக்தியை இழக்கும். ஆகவே 6000 அடிக்கு மேற்பட்ட இடங்களில் 40 குதிரைச் சக்தியுள்ள யந்திரம் 33 அளவிற்கே உழைக்கும்.

பழைய யந்திரத்தில் புது வர்ணத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. என்ஜின் ஆறியிருக்கும்பொழுதே இயக்கிப் பார்க்கவேண்டும். ஓயாது வெளிவரும் நீலப்புகை எண்ணெய் எரிவதற்கும், ரேடியேட்டர் நீரில் மிதக்கும் எண்ணெய் உட்பழுதிற்கும் அடையாளம். மலைக்கு இவற்றினும் முக்கியமானது பிரேக்காகும். இரு மிதிகளையும் இணைத்து மிதித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்காது நிற்கவேண்டும். கைப்பிரேக் அதனைச் சரிவில் தாங்கவேண்டும். இறக்கத்தில் கியர் தானே நழுவும் வண்டியை எவ்விலைக்கும் வாங்கலாகாது.

ஆசனத்துக்குப் பின்னால் இரும்புக் காப்பு வளைவும், இடுப்பு வாரும் இல்லாத வண்டியாயின் அவற்றைப் பொருத்தும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளவேண்டும். சுவீடன் தேசத்தில் 1959-ஆம் ஆண்டு முதல் புதிய டிராக்டர்களுக்கு இத்தகைய காப்பு கட்டாயமாக்கப்பட்டது. நாளடைவில் டிராக்டர் கவிழ்ந்து மாண்டோர் தொகை அங்கு வெகுவாகக் குறைந்தது. நீலகிரிச் சரிவுகளில் இதனை வீண்செலவென்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். பாங்கிக் கடன் பதிவாகியிருப்பின், அது தீர்ந்ததற்கான சான்றைப் பெறாமல் முன்பணம் கொடுத்தலாகாது.

இவ்வளவு சோதனைக்கும் நின்ற யந்திரமாயினும், வருஷத்தில் சில நாட்களே வேலையிருக்குமாயின் ஒருவர் தனித்து வாங்குவதில் இலாபமில்லை. அண்டை நிலத்தார் சிலர் கூடி வாங்கலாம். அன்றி, வேளாண்மைப் பொறியியல் துறையார் வாடகைக்கு அளித்துவரும் யந்திரங்களைக் கொண்டு உழலாம். கிராம அதிகாரிகள், கடனுக்கு விண்ணப்பிக்க வருவோரிடம் வண்டியின் விலையைக் கேட்பதற்கு முன் நிலத்தின் சரிவைக் கேட்பாராயின், கடன்சுமையும் விபத்தும் ஒருங்கே குறையும் என்பதில் ஐயமில்லை.