எந்திரம் அமைச்சராகலாமா?

2025 செப்டம்பரில் அல்பேனியப் பிரதமர் எடி ராமா, அரசுக் கொள்முதலைக் கவனிக்க 'டியெல்லா' என்னும் செயற்கை நுண்ணறிவை அமைச்சராக அறிவித்தார். ஒப்பந்தப் புள்ளிகளில் ஊழலை ஒழிப்பதே நோக்கம் என்றார். எந்திரம் கையூட்டுப் பெறாது. அதற்கு மைத்துனனும் இல்லை, மருமகனும் இல்லை. ஊழலால் நொந்த மக்களுக்கு இஃது இனிய செய்தியாகத் தோன்றுதல் இயல்பே.

நடுவுநிலை வேண்டி இத்தகைய வழியை நாடுவது நமக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவன் ஏதும் அறியாச் சிறுவன். அவன் ஆளைத் தேர்ந்தான், ஆளவில்லை. வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டியவர் மனிதரே. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது.

பதவி என்பது முடிவெடுக்கும் திறன் மட்டுமன்று. அம்முடிவுக்கு விடை சொல்லும் கடமையுமாகும். தன் தீர்ப்பின் பிழையுணர்ந்த பாண்டியன் உயிர் நீத்தான் என்கிறது சிலப்பதிகாரம். பசித்த குழந்தைகளுக்காக மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்த கலீஃபா உமர் (ரலி), மறுமையில் தம் சுமையைப் பிறர் சுமக்க இயலாது என்றே பணியாளரைத் தடுத்தார் என்பது மரபுச் செய்தி. நம் ஊரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய வாழப்பாடி இராமமூர்த்தி, 1991இல் காவிரிச் சிக்கலில் மத்திய அமைச்சர் பதவியைத் துறந்தார். அதனை ஏற்பாரும் இருக்கலாம், மறுப்பாரும் இருக்கலாம். ஆயினும், இழப்பதற்கு ஒன்றை உடையவரே துறக்க வல்லவர். எந்திரத்திற்கு அஞ்சச் சிறையில்லை, நாண முகமில்லை.

அல்பேனியாவிலும் டியெல்லாவை அமைத்து இயக்கும் பொறுப்பை அரசாணை பிரதமரிடமே ஒப்படைத்தது. அவ்வாறாயின் உண்மையான அமைச்சர் எந்திரத்தின் பின்னே நிற்கும் மனிதரே அல்லரோ? பிழை நேருமாயின், "கணினி அவ்வாறு கூறிற்று" என அவர் எளிதில் ஒதுங்கிக்கொள்வார். ஊழலை ஒழிக்க வந்ததே ஊழலுக்குத் திரையாகிவிடவும் கூடும்.

வாழப்பாடியில் குடிநீர் வாராத தெரு எதுவெனக் கணினி சுட்டட்டும்; ஒப்பந்தப் புள்ளிகளை ஒப்பிட்டு ஐயத்திற்குரியவற்றைக் காட்டட்டும். கையொப்பம் மட்டும், அடுத்த தேர்தலில் நம் வாயிலில் வந்து நிற்கவேண்டிய ஒருவருடையதாகவே இருத்தல் வேண்டும்.