ஓமந்தூராரைக் கிறுக்கர் என்பவர்களுக்கு

விருத்தாசலத்தில் அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசிய நண்பர், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரை இங்கிலாந்தின் கர்னல் சிப்தார்ப்போடு ஒப்பிட்டார். இருவரும் நிலக்கிழார்களாம், பிடிவாதக்காரர்களாம், காலத்தோடு ஒட்டாத கிறுக்கர்களாம். இந்த ஒப்பீடு அறியாமை, அதைவிட, அநீதி.

சிப்தார்ப் யார்? 1826 முதல் 1855-இல் இறக்கும்வரை, இடையில் ஒரு தோல்வி நீங்கலாக, லிங்கன் நகரின் நாடாளுமன்ற உறுப்பினர். கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை தருவதை எதிர்த்தார். 1832-இன் தேர்தல் சீர்திருத்தத்தை எதிர்த்தார். ரயிலை எதிர்த்தார். 1851-இன் உலகப் பொருட்காட்சியையும் எதிர்த்தார். அவருடைய பிடிவாதம் முழுவதும் பழைய நிலவுடைமை உலகுக்குக் காவல் நின்றது.

ஓமந்தூரார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். அந்த இரண்டே ஆண்டுகளில் நடந்தவற்றைப் பாருங்கள். ஒடுக்கப்பட்டோருக்குக் கோயில் கதவைத் திறக்கும் சட்டம் வந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவது தடைசெய்யப்பட்டது. அரசுப் பணியிடங்களைப் பங்கிடும் வகுப்புவாரி உத்தரவு திருத்தப்பட்டு, பின்தங்கிய இந்துக்களுக்குத் தனி இடம் கிடைத்தது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நிலம் வைத்திருந்தவர் தலைமையேற்ற அரசுதான் ஜமீன்களை ஒழித்தது. சிப்தார்ப்பின் வாழ்க்கையில் இதற்கு இணையாக ஒன்றையாவது நண்பர் காட்டட்டும்.

ஓமந்தூரார் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி விவசாயிதானே, ஜமீன் போனால் அவருக்கென்ன நட்டம் என்று கேட்கலாம். அந்தச் சட்டம் ரயத்துவாரிப் பெருநிலக்காரர்களைத் தொடவில்லை என்பது உண்மை. அது பெரிய குறையும்கூட. ஆனால் ஜமீன்தார்களின் செல்வாக்கு எத்தகையது என்பதை, ஜமீன்தாரான பொப்பிலி ராஜா முதல்வராக இருந்த மாகாணத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களோடு மோதத் துணிவு வேண்டும். அந்தத் துணிவைத்தான் நண்பர் கிறுக்கு என்கிறார்.

பதவியைக் காப்பாற்றத் தெரியாதவர் என்பது அடுத்த குற்றச்சாட்டு. சொந்தக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களின் சிபாரிசுகளுக்கு அவர் இணங்கவில்லை. எதிர்ப்பு வலுத்தபோது பேரம் பேசாமல் விலகினார். இது திறமைக் குறைவா? அப்படியென்றால் சிபாரிசுக்கு வளைவதுதான் திறமை என்று நண்பர் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

விலகியவர் ஆசிரமத்தில் ஒளிந்துகொண்டார் என்பது கடைசிப் பழி. விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கும் வடலூருக்குத்தான் அவர் போனார். வள்ளலார் வழியில் அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1970-இல் மறையும்வரை தொண்டில் இருந்தவரை ஓடி ஒளிந்தவர் என்பது பொய்.

ஒருவருடைய பிடிவாதத்தை எடைபோடுமுன் அது யாருக்குப் பயன்பட்டது என்று கேளுங்கள். சிப்தார்ப்பின் பிடிவாதம் உடையவர்களுக்கு உதவியது, ஓமந்தூராருடையது இல்லாதவர்களுக்கு. இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசியது தவறு. அதே மேடையில் நண்பர் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.