யந்திரமும் ஏணியும்

ஒரு நகரம் தன் குடிகளின் பொருளை எவ்வளவு மதிக்கிறது, உயிரை எவ்வளவு மதிக்கிறது என்று அறிய விரும்புவோர் நகரசபைப் பிரசங்கங்களைப் படித்துக் களைத்துப் போக வேண்டுவதில்லை. தீயணைக்கும் நிலையத்துக்குள் சென்று அங்கே நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே போதும். நீரிறைக்கும் யந்திரம் முதன்மையாகக் காப்பது கட்டடத்தையும் சரக்கையும். ஏணி காப்பது மனிதரை. இவ்விரண்டும் எப்பொழுது வந்தன, யாருடைய பணத்தினால் வந்தன என்று ஆராய்ந்தால் அந்நகரத்தின் மனச்சாட்சி நமக்கு நன்கு விளங்கிவிடும். லண்டன் நகரத்தின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். அங்கே யந்திரத்தைக் கொணர்ந்தது லாபம். ஏணியைக் கொணர்ந்தது தருமம். இவ்விரண்டும் பொதுஜனங்களின் வரிப்பணத்தில் ஒன்று சேர்ந்த பின்னரே அந்நகரத்துக்கு மெய்யான பாதுகாப்பு உண்டாயிற்று.

1666-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ, நான்கு நாட்களில் லண்டனில் சுமார் 13,200 வீடுகளையும் 87 கோயில்களையும் சாம்பலாக்கியது. அக்காலத்தில் கைவசமிருந்தவை தோல் வாளிகளும், கைப்பீச்சுக் குழல்களும், வீட்டை இடித்துத் தள்ளும் கொக்கிகளுமே. இவ்வழிவுக்குப் பின் நிக்கலஸ் பார்பன் முதலியோர் தீ இன்ஷுரன்ஸ் கம்பெனிகளை ஸ்தாபித்தனர். எரிந்த வீட்டுக்கு நஷ்டஈடு கொடுப்பதைவிட, எரியாமல் தடுப்பது லாபமென்று கம்பெனிகள் கண்டுகொண்டன. தேம்ஸ் நதிப் படகோட்டிகளைக் கூலிக்கு அமர்த்தி, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கெனப் படையும் யந்திரமும் வைத்துக்கொண்டது. இன்ஷுர் செய்த வீட்டின் சுவரில் தன் முத்திரைத் தகட்டையும் பதித்தது. தகடில்லாத வீட்டை எரியவிட்டுத் திரும்பிச் சென்றனர் என்னும் கதை பலராலும் சொல்லப்படுவதாயினும், அதற்குத் தக்க ஆதாரமில்லை. ஒரு வீட்டுத் தீ அண்டை வீட்டை விட்டுவைக்காது என்பதைக் கம்பெனிகள் அறியாதிருக்குமோ?

1721-லும் 1725-லும் ரிச்சர்டு நியூஷம் என்பவர் பேடண்டு பெற்ற யந்திரம் இத்தொழிலில் பெரும் முன்னேற்றமாகும். இருபுறமும் நின்ற ஆட்கள் நீண்ட தண்டுகளை மாறி மாறி அழுத்த, காற்றறையின் உதவியால் நீர் இடைவிடாது பீறிட்டு வந்தது. நியூயார்க் நகரம் 1731-இல் இவ்வகை யந்திரங்கள் இரண்டை லண்டனிலிருந்தே தருவித்துக்கொண்டது.

அக்காலத்துச் சட்டம் வாளாவிருந்ததோ எனின், இல்லை. ஒவ்வொரு கோயில் வட்டமும் பெரிய யந்திரமொன்றும் கையால் இயக்கும் சிறிய யந்திரமொன்றும் வைத்திருக்க வேண்டுமென 1707-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒன்று, இரண்டு, மூன்று மாடி உயரமுள்ள ஏணிகளும் வேண்டுமென 1774-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. ஆனால் பயிற்சி பெற்ற ஆளைப் பற்றியும், செலவுக்குப் போதிய பணத்தைப் பற்றியும் கவலை கொண்டவர் எவருமில்லை. பல வட்டங்களில் யந்திரம் துருப்பிடித்துக் கிடந்தது. ஆணையிட்டுவிட்டு ஆளும் பொருளும் கொடாத சட்டம் ஏட்டுச் சுரைக்காய் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

1833-ஆம் ஆண்டு முதல் தேதியில் பத்துக் கம்பெனிகள் தங்கள் படைகளை ஒன்றாக்கி, எடின்பரோ நகரில் புகழ்பெற்ற ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவரைத் தலைவராக நியமித்தன. சுமார் 80 ஆட்களைக் கொண்டு அம்மாநகரத்தை அவர் காத்தார். தெருவில் கூடிய ஜனங்களே கூலிக்கும் பீருக்குமாக யந்திரத் தண்டுகளை அழுத்தினர். மறு ஆண்டில் பார்லிமெண்டு மாளிகையே வெந்து விழுந்தது. இனியேனும் இக்கடமையைச் சர்க்கார் ஏற்க வேண்டுமென்று கேட்டபொழுது, அவர்கள் மறுத்துவிட்டனர். சர்க்கார் தலையிட்டால் தனிப்பட்டோரின் முயற்சி தளர்ந்துவிடுமாம்! பொதுக் கடமையைத் தட்டிக் கழிக்க விரும்புவோர் இன்றும் இதே வாதத்தைக் கூறுவதை நாம் கேட்டு வருகிறோம்.

நீராவி யந்திரம் இதற்கு முன்னரே பிறந்துவிட்டது. 1829-இல் பிரெய்த்வெயிட்டும் எரிக்ஸனும் செய்த யந்திரம், மறு ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு தீயின்போது, கைப்பம்புகள் உறைந்து நின்ற சமயத்திலும் மணிக்கணக்காக ஓயாமல் வேலை செய்தது. ஆயினும் பிரெய்ட்வுட் அதை விரும்பவில்லை. அது கனமானது, குறுகிய தெருவுக்கும் அற்பமான நீர் வசதிக்கும் பொருந்தாதது, தொலைவில் நின்று நீரைப் பீய்ச்சும் கெட்ட வழக்கத்தை வீரருக்குக் கற்பிப்பது என்பன அவர் கூறிய காரணங்கள். தீயின் அருகே சென்று பொருதுவதே அவருடைய முறை. 1860-இல்தான் நீராவி யந்திரம் அவருடைய படையில் இடம் பெற்றது.

நிற்க, ஏணி என்னவாயிற்று? கம்பெனிகள் காக்க விரும்பியது பொருளை. மாடியில் நின்று அலறும் ஏழைத் தாயின் உயிருக்கு எந்தக் கம்பெனியிலும் பாலிஸி இல்லை. 1836-இல் தொடங்கிய ஒரு தரும சங்கம்தான் நன்கொடை திரட்டி, சக்கரங்களின்மேல் ஏற்றிய பெரிய ஏணிகளைத் தெருக்களில் நிறுத்திற்று. ஏணியின் அடியில் கித்தானாலான சறுக்குப் பை ஒன்று தொங்கும். இறங்கத் தெரியாதவரும் அதன் வழியே கீழே வந்துவிடலாம். இரவு முழுவதும் ஒரு காவலாள் அதன் பக்கத்தில் விழித்திருப்பான். இங்ஙனம் செல்வம் மிகுந்த அந்நகரத்தில் சரக்கைக் காக்கச் சம்பளப் படையும், உயிரைக் காக்க உண்டியற் பணமுமாக முப்பது ஆண்டுகள் கழிந்தன.

இந்நிலையை மாற்றியது ஒரு பெருந்தீ. 1861 ஜூன் 22-இல் டூலி தெருப் பண்டகசாலைகள் எரிந்தன. சுவர் இடிந்து விழுந்து பிரெய்ட்வுட் மாண்டார். சுமார் 20 லட்சம் பவுன் நஷ்டமாயிற்று. இனி இச்சுமை தங்களால் ஆகாது என்று கம்பெனிகள் கை விரித்தன. லாபம் உள்ளவரையே லாபக்காரரின் காவல் உண்டு என்பது அன்று வெளிப்பட்டது. 1865-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, தீயை அணைப்பதையும் உயிரையும் பொருளையும் காப்பதையும் நகர நிர்வாக சபையின் கடமையாக்கிற்று. அச்சட்ட வாசகத்தில் உயிர் முன்னும் பொருள் பின்னுமாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். செலவுக்காகக் குடிகளிடம் வாடகை மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரியும், கம்பெனிகளிடம் இன்ஷுர் தொகை 10 லட்சம் பவுனுக்கு 35 பவுனும், சர்க்காரிடம் ஆண்டுக்கு 10,000 பவுனும் பெற ஏற்பாடாயிற்று. 1866-இல் புதிய படை காப்டன் ஷா என்பவரின் தலைமையில் வேலை தொடங்கியது. மறு ஆண்டில் தரும சங்கத்தின் ஏணிகளும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. யந்திரமும் ஏணியும் ஒரே கூரையின்கீழ் வந்த ஆண்டு 1867.

இத்துடன் குறை தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. அரைப் பென்னி வரம்பு படையின் கையைக் கட்டிற்று. கட்டடங்கள் உயர்ந்த வேகத்தில் ஏணிகள் உயரவில்லை. 1902 ஜூனில் விக்டோரியா மகாராணித் தெருவில் ஒரு தொழிற்கூடம் பற்றியெரிந்தபோது, வந்த ஏணி மேல்மாடிக்கு எட்டவில்லை. இளம் பெண்கள் பலர் மாண்டனர். ஜனங்களின் கோபம் மூண்ட பின்னரே ஏணிகள் சீர்திருத்தம் பெற்றன. மோட்டார் வந்தது, 1921-இல் கடைசிக் குதிரைகளும் விடைபெற்றன. ஆயினும் முதலில் மரணம், பிறகு ஏணி என்னும் வரிசை மாறவில்லை.

அது நம் காலத்திலும் மாறவில்லை என்பதுதான் வருத்தம். 2014 ஜனவரியில் சிக்கனத்தின் பெயரால் லண்டனில் 10 நிலையங்கள் மூடப்பட்டன. 14 யந்திரங்கள் விலக்கப்பட்டன. 2017 ஜூன் 14-இல் கிரென்பெல் கோபுரம் தீப்பற்றியது. கோபுரத்தின் உயரம் 67 மீட்டர். அன்று லண்டன் படையிடமிருந்த மிக உயர்ந்த ஏணி 32 மீட்டர். 42 மீட்டர் தூக்குமேடையை அண்டை ஜில்லாவாகிய சர்ரேயிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. மாண்டவர் 72 பேர். 64 மீட்டர் ஏணிகள் அதன் பின்னரே வாங்கப்பட்டன.

உயரமான ஏணி இருந்திருப்பின் அவர்கள் அனைவரும் பிழைத்திருப்பர் என்று நாம் கூறவில்லை. கோபுரத்தின் வெளிச்சுவரில் எரியும் பலகையைப் பொருத்தியதே தீ பரவியதற்கு முதற்காரணமென்று விசாரணையில் தெளிவாயிற்று. அம்மரணங்கள் ஒவ்வொன்றும் தவிர்க்கக்கூடியதே என்றும், சர்க்காரும் கட்டடத் தொழிலாரும் பல்லாண்டுகளாகத் தவறியதே காரணம் என்றும் 2024-இல் வெளியான இறுதி அறிக்கை தீர்ப்பளித்தது. ஆனால் எட்டாத ஏணியும் எரியும் பலகையும் ஒரே மனப்பான்மையின் இரு பிள்ளைகளல்லவா? மேல்மாடியில் குடியிருக்கும் ஏழையின் உயிரைக் கணக்கில் கடைசியாக எழுதும் மனப்பான்மையே அது.

தீயணைக்கும் வண்டி வருஷத்தில் பெரும்பகுதி சும்மா நிற்கிறதென்று கணக்கர்கள் குறை கூறுவர். அது சும்மா நிற்பதற்காகத்தானே வரி கொடுக்கிறோம்! கோட்டைக் காவலன் போரில்லாத நாளில் தெண்டச்சோறு தின்கிறான் என்று எவரேனும் சொல்வரோ? நம் வாசகர்கள் தங்கள் நகரசபை அங்கத்தினரைக் காணும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும்: நகரத்தில் எத்தனை மாடி கட்ட அனுமதி அளித்திருக்கிறீர்கள், உங்கள் ஏணி எத்தனை மாடி எட்டும்? இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் எத்தனை குடும்பங்கள் உறங்குகின்றன என்பதையும் அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.