எட்டிய குண்டும் எட்டாத கணக்கும்

ஊரைக் காக்கத் தெய்வம் இருக்கும்போது ஆபத்து எப்படி வரும் என்று இலத்தூர்ப் பக்கத்தில் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். தெய்வ வம்சத்தின் பேராலேயே ஆளப்பட்ட ஒரு தேசம் ஒரு பட்டணத்தை எப்படிக் காத்தது என்பதை அவர்கள் முன் வைக்கின்றோம்.

ஜப்பானியர் 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூரைப் பிடித்தார்கள். நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் உழைத்துப் பிழைத்த ஊர் அது. 1944 நவம்பர் 5-ந் தேதி வங்காளத்துக் கரக்பூர்ப் பக்கமிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 விமானங்கள் அங்குள்ள கடற்படைத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. பறந்த உயரம் சுமார் 20,000 அடி. நம் பொதிகை மலையைப்போல் மூன்று பங்குக்கு மேல்.

ஜப்பானியத் தரைப்படையின் முக்கியமான விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு 88-ம் மாதிரி என்று பெயர். குழாயின் அளவு 75 மில்லிமீட்டர்தான். பின் 88 எங்கிருந்து வந்தது? சூரிய தேவதையின் வம்சத்தில் பிறந்த முதல் சக்கரவர்த்தி பட்டமேறினானாம். அன்று முதல் எண்ணினால் 2588-ம் ஆண்டு, அதாவது 1928. பீரங்கிக்குக்கூடப் புராணக் கணக்கில் பெயர்!

அந்தப் பீரங்கியின் குண்டு 20,000 அடிக்கு எட்டக்கூடியதே. எட்டினால் மட்டும் போதுமா? குண்டு மேலே போய்ச் சேர 15, 20 விநாடி ஆகும். அதற்குள் விமானம் ஒரு மைல் தாண்டிவிடும். ஆகவே விமானம் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டுப் பயனில்லை. அது போய்ச் சேரப்போகும் இடத்தைக் கணக்கிட்டுச் சுட வேண்டும். வேகம், உயரம், காற்று எல்லாம் அளந்து, இத்தனையாவது விநாடியில் வெடிக்க வேண்டுமென்று குண்டின் மூக்கிலுள்ள விசையைத் திருகி வைக்க வேண்டும்.

இலத்தூர்க் கோவிலில் சனிக்கு எள் விளக்குப் போடச் சொல்லும் சோதிடனும் கிரகம் போகும் வழியைக் கணக்குப் பார்ப்பவன்தான். ஆனால் பீரங்கிக்காரன் கணக்குத் தப்பினால் 20 விநாடியில் வெளுத்துவிடும். சோதிடன் கணக்குத் தப்பினாலோ, பரிகாரத்துக்கு இன்னொரு தட்சணை!

சிங்கப்பூரில் பீரங்கிக்குக் குறி சொல்லும் ரேடார் கிடையாது. கணக்கிடும் கருவிகளும் பற்றாக்குறை. போதாததற்குத் தரைப்படை, கடற்படை என்று இரண்டு சாதி. இரண்டிடமும் பீரங்கி இருந்தது, ஒன்றோடொன்று ஒத்துழைக்கவில்லை. இந்த வியாதியை நம் நாட்டாருக்கு விளக்கத் தேவையில்லை.

அன்று பெரிய கப்பல்களைப் பழுதுபார்க்கும் துறையின் கதவருகே குண்டு விழுந்து, அத்துறை சுமார் மூன்று மாதம் உபயோகமற்றுப் போயிற்று. 1945 மார்ச்சு வரை 11 முறை விமானங்கள் வந்தன. அமெரிக்கர் இழந்தது மொத்தம் 9 விமானங்களே.

அந்த 11 முறையும் அந்தத் தீவில் இருந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. பீரங்கிச் சத்தத்தைக் கேட்டுக் காவல் இருக்கிறதென்று அவர்கள் நம்பியிருந்தால், அது அவர்கள் குற்றமல்ல.