பேட்டரி படுத்தா ஸ்பீக்கரும் குப்பையா?

ஆசையா வாங்கின புளூடூத் ஸ்பீக்கர் ரெண்டு, மூணு வருஷத்துல சார்ஜ் நிக்காம போயிடுச்சா? பல மாடல்களில் பேட்டரியை நாமே மாத்த முடியாது. சிறு மின்சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, 2027 பிப்ரவரியில் அமலாகிறது. இந்தியாவில் 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் வந்தது. அது தகவல் தரும். நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இன்னும் இல்லை.

அதுவரை என்ன செய்யலாம்? பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளைப் பக்கம் கோயில் கொடைக்கு வர்ற மைக் செட்டைப் பாருங்க. கோன் கிழிஞ்சா கோனை மட்டும் மாத்துவாங்க. பெட்டி அப்படியே இருக்கும். வீட்டுக்கும் அதே வழிதான்.

4 இன்ச் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர், ப்ளைவுட், 'கிளாஸ் டி' ஆம்ப் போர்டு, ரெடிமேட் 12 வோல்ட் அடாப்டர் போதும். பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். பெட்டி அடிக்க ஊர் ஆசாரி இருக்கார். ஸ்பீக்கரின் டேட்டாஷீட்டைப் பார்த்து அளவு முடிவு பண்ணுங்க. கோனின் பின்பக்கச் சத்தம் முன்பக்கம் வந்து கலந்தா பேஸ் செத்துடும். அதனால் காற்று கசியாம ஒட்டணும்.

முதல் பெட்டி, கடை விலையைவிட மலிவா அமையாமல் போகலாம். ஆனால், எது பழுதானாலும் அதை மட்டும் மாத்திக்கலாம்.