பிந்தினால் பரவாயில்லை

இந்த எபிசோடில பேசினதில ஒண்டை மட்டும் திருப்பிச் சொல்லுறன்: "பேட்டரி சேமிப்பை நிறுத்துங்கள்" எண்டு கேக்கிற ஆப்பை எழுதாதீங்கோ.

பலெர்மோவில, பல்லாரோ சந்தைக்குப் போற அம்மாவின்ர பழைய போன் பின்னேரம் வரைக்கும் தாங்கவேணும். 2015இல் ஆண்ட்ராய்ட் 6 'டோஸ்' கொண்டுவந்தது அதுக்குத்தான்: போன் சும்மா கிடக்கேக்க பின்னணி வேலைகள் ஒத்திவைக்கப்படும். வொர்க்மேனேஜரில திரும்பத் திரும்ப ஓடுற வேலைக்குக் குறைந்தது 15 நிமிட இடைவெளி. ஐஓஎஸில நேரத்தை சிஸ்டமே தீர்மானிக்கும்.

அதோட மல்லுக்கட்டாதீங்கோ. வேலை வரிசையை டேட்டாபேஸில எழுதி வையுங்கோ. ஆப் மூடினாலும் வேலை அழியாது. ஒவ்வொரு வேலைக்கும் தனி ஐடி குடுங்கோ. அதே ஐடி திரும்ப வந்தால் சர்வர் தள்ளிவிடவேணும். இல்லையெண்டால், நெட் விட்டுவிட்டு வரேக்க யாழ்ப்பாணத்துக்கு அனுப்பின காசு ரெண்டு தரம் போகும்.

என்ர கணக்கில, பிந்திப் போறது பிழையில்லை. ரெண்டு தரம் போறதுதான் பிழை.