தேர்வறையோடு நின்றுவிடும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2016-இல் நிறைவேறியபோது, 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கியதோடு, 'நியாயமான தகவமைப்பு' என்ற கருத்துக்கும் இலக்கணம் வகுத்தது. குறிப்பிட்ட ஒருவர் பிறருக்கு நிகராகத் தம் உரிமையைத் துய்ப்பதற்குத் தேவைப்படும் மாற்றத்தை, நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் செய்து தருவதே நியாயமான தகவமைப்பாகும். சாய்தளம் எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை கட்டப்படுவது. தகவமைப்போ ஆளுக்கு ஆள், பாடத்துக்குப் பாடம் வேறுபடுவதால், மாணவரிடம் கேட்டறியாமல் அதைச் செய்துவிட இயலாது.

இக்கருத்தை நீதிமன்றங்கள் விரித்துப் பொருள்கொண்ட வழக்குகளில் பேர்பெற்றவை பலவும் தேர்வறையைச் சார்ந்தவையே. எழுத முற்படும்போது கைவிரல்கள் இறுகிக்கொள்ளும் நரம்புக் குறைபாடுடைய குடிமைப்பணித் தேர்வர் ஒருவருக்கு, சொல்வதை எழுதுபவரை அமர்த்திக்கொள்ளும் வசதி மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 40 விழுக்காட்டுக் குறைபாடு என்ற வரம்பு இடஒதுக்கீடு போன்ற பயன்களுக்கே உரியது என்றும், எழுத்தர் வசதிக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், எழுத்துக் குறைபாடுடைய மாணவி ஒருவரிடம் மூன்று மணி நேர நீட் தேர்வில் அவருக்குரிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமலேயே விடைத்தாள் பறிக்கப்பட்ட வழக்கில், மறுதேர்வுக்கு உத்தரவிட மறுத்தாலும், இழைக்கப்பட்ட அநீதிக்கு ஒரு வாரத்துக்குள் தீர்வு காணுமாறு தேசியத் தேர்வு முகமைக்கு அந்நீதிமன்றம் ஆணையிட்டது.

கூடுதல் நேரமும் எழுத்தரும் பிற மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி என்ற முணுமுணுப்பு ஆசிரியர் அறைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கையெழுத்தின் வேகத்தை அளப்பது எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் நோக்கமும் அன்று என்பதே அதற்குப் போதுமான விடை. எழுத்தரை வைத்துத் தேர்வெழுதுவது எத்தகைய சலுகை என்பதை அருகில் சென்று பார்த்தவர்கள் அவ்வாறு முணுமுணுக்கவும் மாட்டார்கள். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் பொருட்டு, தேர்வர் தாமே அழைத்து வரும் எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல் கூறியதால், முதுநிலைப் பொருளியல் பயிலும் பார்வையற்ற மாணவர், சிக்மாவையும் லாம்டாவையும் கண்டறியாத ஒருவருக்கு அவற்றின் வடிவத்தை விளக்கி, வளைகோடு எங்கே தொடங்கி எப்பக்கம் சரிகிறது என்று சொல்லி வரைய வைத்து, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்த வேண்டியிருந்தது. மணிக்கு இருபது நிமிடம் என்ற ஈடுசெய் நேரம் இவ்வளவுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் தேர்வு என்பது பருவத்தின் இறுதியில் வரும் சில நாள்கள் மட்டுமே. அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றிய வழக்குகள் அரிது. மறுக்கப்பட்ட கூடுதல் நேரத்தை ஆவணத்தைக் காட்டி மெய்ப்பிக்க முடியும். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து 'இதையும் அதையும் கூட்டினால் இது வரும்' என்று ஆசிரியர் சொல்லிக் கடந்துவிடும் கணத்தை எந்த நீதிமன்றத்தின் முன் வைப்பது? சட்டத்திலேயே இதற்கொரு விரிசல் உண்டு. 17-ஆவது பிரிவு நூல்களையும் கற்றல் கருவிகளையும் உதவிச் சாதனங்களையும் 40 விழுக்காட்டுச் சான்றுடைய மாணவர்களுக்கு 18 வயது வரை விலையின்றித் தரச் சொல்கிறது. அதாவது, பாடநூலின் பருமனும் விலையும் கூடுகிற கல்லூரி வாசலில் அந்தக் கடமை முடிந்துபோகிறது. அதன் பிறகு மாணவரைத் தாங்குவது, குறிப்புகளைப் படித்துக் காட்டும் விடுதித் தோழரின் நல்ல மனம்தான். அத்தோழருக்கும் அதே வாரத்தில் தேர்வு இருக்கும்.

தமிழ்வழி மாணவருக்கு இன்னொரு தடையும் சேர்கிறது. திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவை தமிழையும் வாசிக்கும். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பில் 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கிறது. திரைவாசிப்பானும் அதைத்தான் உளறும். நூலின் பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்த பிடிஎஃப் என்றால் அந்த உளறல்கூட இல்லை, மௌனம்தான். யூனிகோடில் தட்டச்சிடுவதற்குத் துறைக்குத் தனிச் செலவு ஏதுமில்லை. பதிப்புரிமையைக் காரணம் காட்டவும் வழியில்லை: 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவங்களுக்கு நூல்களை மாற்றிக்கொள்ள விலக்களித்துவிட்டது, அதே நோக்கத்துடன் 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் இவற்றில் பலவற்றைத் தொட்டுச் செல்கின்றன. எனினும் வழிகாட்டுதலுக்கும் விதிக்கும் இடையிலான தொலைவு மிகப் பெரிது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைக்கான 2017-ஆம் ஆண்டு விதிகளில் ஒன்று கட்டாயமாக நிறைவேற்ற வேண்டிய கீழ்வரம்பு எதையும் வகுக்காமல் வெறும் பரிந்துரைகளாகவே நிற்பதால் அது தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயத் தரநிலைகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. அக்கண்டிப்பு கல்லூரி வகுப்பறையையும் எட்ட வேண்டுமானால், பெரிய கட்டடங்களைவிட முதலில் தேவைப்படுவது ஒரு நாட்காட்டி. ஒரு தமிழ் நூலை வருடி, எழுத்துணரி கொண்டு உரையாக்கி, அது ணகர னகரங்களைக் குழப்பிய இடங்களை ஒருவர் அமர்ந்து திருத்தி முடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். பருவத்தின் நடுவே அறிவிக்கப்படும் பாடநூல் பட்டியல் அதற்கு இடம் தருவதில்லை. சேர்க்கையின்போதே மாணவரிடம் தேவையைக் கேட்டுப் பதிந்து, பட்டியலை விடுமுறைக் காலத்திலேயே நூலகத்திடம் ஒப்படைக்கும் பொறுப்பு துறைத்தலைவருடையது என்று எழுத்தில் வரையறுக்கப்பட்டால், அது நிறைவேறாதபோது சுட்டிக்காட்ட மாணவர் கையில் ஓர் ஆவணமாவது இருக்கும்.